தொடர்கள் திறந்து காட்டும் நெஞ்சங்கள்

(ஜும்ஆ உரை)

புகழனைத்தும் உள்ளங்களின் இரகசியங்களை முற்றும் அறிந்த அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடை அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் தூய குடும்பத்தார் மீதும், தோழர் பெருமக்கள் மீதும், அவர்களின் அடிச்சுவட்டைப் பின்பற்றி வாழ்ந்த, வாழுகின்ற நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

  முதலில் என்னுடைய நஃப்ஸுக்கும், பின்னர் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி மிம்பரில் பேசப்படும்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டு செய்திகளே சொல்லப்படுகின்றன. ஒன்று, நேரம் வீணாகிறது. மஃரிபும் இஷாவும் தள்ளிப்போகின்றன. மற்றொன்று, ஹயா எனும் வெட்கவுணர்வு குறைகிறது. இரண்டும் உண்மையே. ஆயினும் இந்த வாரம் மூன்றாவதாக ஒரு செய்தியைச் சிந்திக்க விரும்புகிறேன். அது சத்தமில்லாமல் நடைபெறுவது. ஆகவே அதிகம் கவனிக்கப்படாதது. பிறருடைய உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று நாம் முடிவு செய்யும் முறையையே இத்தொடர்கள் மாற்றிவிடுகின்றன என்பதுதான் அது.

செவி, பார்வை, இதயம் ஆகிய இவையனைத்தும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். எதைப் பற்றி அறிவில்லையோ அதைப் பின்தொடராதீர் என்ற கட்டளையோடுதான் அந்த வசனம் தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது ஆகியவற்றோடு இதயம் எண்ணியதற்கும் கணக்கு உண்டு.

மனத்தின் குரல் கேட்கும் உலகம்

ஒரு தொடரில் மாமியார் பாத்திரம் மருமகளைப் பார்த்துப் புன்னகைக்கிறது. அடுத்த நொடி கேமரா அந்த முகத்தின் அருகே செல்கிறது. பின்னணி இசை மாறுகிறது. உதடு அசையாமலேயே அவளுடைய உள்ளத்தின் குரல் நமக்குக் கேட்கிறது. "சிரி, சிரி, இன்னும் இரண்டு நாள்தான்" என்பது போன்ற ஒரு வசனம். இளைஞர்கள் இதனை 'மைண்ட் வாய்ஸ்' என்கிறார்கள். மருமகளுக்குத் தெரியாத ஒன்று, பார்த்துக் கொண்டிருக்கும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் ஏமாறுவதைப் பார்த்து நாம் பதறுகிறோம். "அடி பைத்தியக்காரி, அவளை நம்பாதே" என்று சோபாவிலிருந்தே குரல் கொடுக்கிறோம்.

2003ஆம் ஆண்டு தொடங்கி 2009 வரை 1,500 பகுதிகளுக்கும் மேலாக ஒளிபரப்பான 'கோலங்கள்' தொடரை நம் வீடுகளில் அறியாதவர் குறைவு. அபி என்ற பெண்ணை வீழ்த்துவதற்கு ஆதி என்பவன் செய்யும் சூழ்ச்சிகள் அதில் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அவனுடைய சூழ்ச்சிகள் அபிக்குத் தெரியும் முன்பே பார்வையாளர்களுக்குத் தெரிந்தன. 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்மக்களைப் பெற்ற ஒரு தந்தையின் துயரம் காட்டப்பட்டது. ஒரு மகளின் மாமியார் ஒவ்வொரு சொல்லையும் எந்த நோக்கத்தில் பேசுகிறாள் என்பது பார்ப்பவர்களுக்கு ஐயமின்றி விளங்கியது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கதை சொல்பவர் பாத்திரத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டுவது கதையின் வழக்கம்தானே? ஆம், வழக்கம்தான். ஆனால் நாள்தோறும் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்தாறு நாட்கள், ஆண்டுக்கணக்கில் இப்பயிற்சி நடைபெறுகிறது. முகத்தைப் பார்த்தாலே அகத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மை அறியாமலேயே வளர்ந்துவிடுகிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே நிற்பவர் நம் சொந்த மருமகள், சொந்த மாமி, கணவரின் தங்கை. அவர் முகத்திலும் ஒரு புன்னகை இருக்கிறது. அதற்குப் பின்னணி இசை இல்லை. அந்த இசையை நாமே சேர்த்துக் கொள்கிறோம்.

நெஞ்சைப் பிளந்து பார்த்தவர் யார்?

நபித்தோழர் உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் பேரன்புக்குரியவர். ஜுஹைனா குலத்தாரின் ஒரு பிரிவினரோடு நடந்த போரில் அவர் ஒரு மனிதனை நெருங்கினார். ஆயுதம் தன்மீது பாயப் போகிறது என்று கண்டதும் அம்மனிதன் கலிமாவை மொழிந்துவிட்டான். ஆயினும் உஸாமா (ரலி) அவனைக் கொன்றுவிட்டார். பின்னர் அவருடைய உள்ளம் உறுத்தியது. நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார். ஆயுதத்துக்கு அஞ்சித்தான் அவன் அவ்வாறு கூறினான் என்பது அவருடைய விளக்கம்.

அன்பர்களே! அந்த விளக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது வெறும் கற்பனையன்று. போர்க்களம், எதிரி, கழுத்துக்கு மேல் ஆயுதம், கடைசி நொடியில் ஒரு சொல். இதைவிடத் தெளிவான சந்தர்ப்பச் சான்று எங்கே கிடைக்கும்? எந்தத் தொடரின் பார்வையாளரும் "பயத்தில் சொல்கிறான்" என்றே தீர்ப்பளித்திருப்பார். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. அச்சத்தால் சொன்னானா இல்லையா என்பதை அறிய நீர் அவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் அவர்கள் கேட்டார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா, முந்தியவை யாவும் மன்னிக்கப்பட்டிருக்குமே என்று ஏங்கும் அளவுக்கு உஸாமா (ரலி) வருந்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இவ்வளவு வலுவான அடையாளம் இருந்த இடத்திலேயே பிறர் நெஞ்சத்தைப் பற்றித் தீர்ப்பளிக்க அனுமதி இல்லையென்றால், சமையலறையில் பாத்திரம் வைக்கப்பட்ட ஓசையை வைத்து, "என் மேல் உள்ள கோபத்தில்தான் வைக்கிறாள்" என்று முடிவு கட்டுவதற்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

மூன்று படிகள்

ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனம் மூன்று தடைகளை வரிசையாக அடுக்குகிறது. முதலில் அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. சந்தேகங்களில் சில பாவமாகும் என்கிறது. அடுத்து, பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர் என்கிறது. மூன்றாவதாகப் புறம் பேசுவதைத் தடுத்து, அதனை இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகிறது.

இந்த வரிசையில் ஓர் ஆழ்ந்த மனவியல் இருக்கிறது. சந்தேகம் பிறந்தவன் சும்மா இருக்க மாட்டான், சான்று தேடுவான். தேடியவன் சும்மா இருக்க மாட்டான். நான்கு பேரிடம் சொல்வான். தொடர்களின் நிகழ்ச்சிகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாத்திரம் சந்தேகிக்கிறது. பிறகு கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறது. செல்பேசியை எடுத்துப் பார்க்கிறது. பிறகு இன்னொருவர் காதில் ஓதுகிறது. அல்லாஹ் தடுத்த மூன்று படிகளும் அங்கே கதையை நடத்தும் மூன்று சக்கரங்கள். அதைவிட வேதனை, அங்கே ஒட்டுக் கேட்டவர் பெரும்பாலும் சரியாகவே கேட்டிருப்பார். சந்தேகித்தவரின் சந்தேகம் மெய்யாகவே முடியும். ஆகவே சந்தேகம் புத்திசாலித்தனம் என்றும், நல்லெண்ணம் அசட்டுத்தனம் என்றும் பார்ப்பவர் மனத்தில் பதிகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் நாவின் ஆபத்துகளைப் பேசுமிடத்தில், உள்ளத்தால் செய்யப்படும் கீபத்தைப் பற்றித் தனியே எழுதுகிறார்கள். நாவு அசையாவிட்டாலும், பிறரைப் பற்றித் தீய எண்ணத்தை உள்ளம் உறுதியாகப் பற்றிக்கொள்வது ஹராம் என்பது அவர்களின் கருத்து. தானாக வந்து போகும் எண்ணம் மன்னிக்கப்பட்டது. அதன் பக்கம் சாய்ந்து, அதை நம்பி, அதற்கேற்ப நடக்கத் தொடங்குவதே குற்றம் என்று அவர்கள் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

ஒரு மஹல்லாவில் நடந்தது

ஜமாஅத்தில் வந்து நிற்கும் குடும்ப வழக்குகளைக் கேட்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். இன்னார் இன்னதைச் செய்தார் என்ற புகார் சுருக்கமாகவே இருக்கும். அதை எதற்காகச் செய்தார் என்ற புகார்தான் பக்கம் பக்கமாக நீளும். "வேண்டுமென்றே செய்தாள்" என்ற ஒரு சொல் இல்லாத வழக்கு அபூர்வம்.

ஒரு மஹல்லாவில் நடந்த நிகழ்ச்சி இது. மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தார். மருமகள் மாமியாருடன் ஊரில் இருந்தாள். மகனிடமிருந்து அழைப்பு வந்தால் மருமகள் செல்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வாள். முன்பெல்லாம் கூடத்தில் அமர்ந்து எல்லோருமாகப் பேசுவார்கள். "என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறாள், என்னைப் பற்றி ஓதிக் கொடுக்கிறாள்" என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். இரண்டு மாதங்கள் பேச்சில்லை. மருமகளோ, "கொண்டு வந்த நகை போதவில்லை என்றுதான் மாமி பேசவில்லை" என்று முடிவு செய்துகொண்டாள். இரு குடும்பத்தாரும் ஜமாஅத்தில் வந்து அமர்ந்தார்கள்.

விசாரித்தபோது தெரிந்தது என்ன? மகனுக்கு நான்கு மாதங்களாகச் சம்பளம் வரவில்லை. கடன் வாங்கித்தான் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். உம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது, அவர் காதுக்கு இது போகவே கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கதவு சாத்தப்பட்டது அந்தத் தாயின் உயிரைக் காப்பதற்காக! செய்தி வெளிவந்தபோது அந்தத் தாய் அழுதார். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கதவை ஏன் சாத்துகிறாய் மகளே?" என்று முதல் வாரமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு மாதக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

பிறருடைய செயலுக்குக் காரணம் தேடும்போது, அவருடைய சூழலைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடுவது மனிதனின் வழக்கம். லீ ராஸ் என்ற அமெரிக்க மனவியல் அறிஞர் 1977ஆம் ஆண்டில் இந்தத் தவறுக்குத் தனிப்பெயரே சூட்டினார். நாம் திருமணத்துக்குத் தாமதமாகச் சென்றால் பேருந்து காரணம். உறவினர் தாமதமாக வந்தால் அவருடைய அகம்பாவம் காரணம். மனிதனிடம் ஏற்கனவே இருக்கும் இந்த நோய்க்குத் தொடர்கள் தீனி போடுகின்றன. அங்கே சூழலுக்கு இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் சூழ்ச்சி இருக்கிறது.

ஒரு கேள்வியில் முடிந்துவிடும் கதை

தொடர்களில் வரும் மனிதர்கள் ஏன் நேரில் கேட்டுக்கொள்வதே இல்லை என்று எப்போதாவது எண்ணியதுண்டா? கணவன் எதையோ பார்த்துவிடுகிறான், தவறாகப் புரிந்துகொள்கிறான், மனைவியிடம் கேட்காமல் வெளியேறுகிறான். மனைவி விளக்கம் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. அத்துடன் 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார்கள்.

காரணம் எளிது. அவர்கள் கேட்டுவிட்டால் கதை அன்றே முடிந்துவிடும். கதை முடிந்தால் விளம்பரம் முடிந்துவிடும். வாரந்தோறும் வெளியாகும் டி.ஆர்.பி. கணக்கில் எண்ணிக்கை குறையாதவரை தொடரை நீட்டுவதே அந்தத் தொழிலின் இலக்கணம். ஆகவே அங்குள்ள பாத்திரத்தின் பிடிவாதமும் மௌனமும் பழிவாங்கும் வெறியும் அந்த மனிதனின் இயல்பிலிருந்து வந்தவையல்ல; தொடர் நீள வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தவை. சமாதானம் அந்த உலகத்தில் நஷ்டக் கணக்கு. இதை அறியாமல், மனிதர்கள் இப்படித்தான் என்று நம்பி, அதே பிடிவாதத்தையும் மௌனத்தையும் நம் வீட்டுக்குக் கொண்டு வந்தால், நமக்கு யார் விளம்பரப் பணம் தரப் போகிறார்கள்?

இதற்கு நேரெதிரான ஒரு காட்சியைப் பாருங்கள். ரமளானில் நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதில் இஃதிகாஃப் இருந்தார்கள். அவர்களின் துணைவியார் அன்னை ஸஃபிய்யா (ரலி) இரவில் சந்திக்க வந்தார்கள். அவர்களை வழியனுப்ப நபி (ஸல்) அவர்கள் உடன் சென்றபோது, அன்ஸாரிகளில் இருவர் அவ்வழியே விரைந்து கடந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யாதான் என்று தெரிவித்தார்கள். அவ்விருவரும் திடுக்கிட்டுப் போனார்கள். ஷைத்தான் மனிதனிடம் இரத்தம் ஓடுவது போல் ஓடுகிறான், உங்கள் உள்ளங்களில் எதையேனும் போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கமளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

மனித குலத்தில் மிகத் தூய்மையானவர், சந்தேகிக்கவே இடமில்லாதவர். அவர்களே அடுத்த நொடியில் விளக்கம் சொல்லி, சந்தேகம் பிறக்கும் முன்பே அதன் வாயிலை அடைத்தார்கள். கேட்பவருக்கு மட்டுமன்று, சந்தேகிக்கப்படக் கூடியவருக்கும் கடமை உண்டு என்பது இதிலுள்ள பாடம். "என் மனம் சுத்தம், எவருக்கும் நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?" என்பது தொடரின் வசனம், அது சுன்னத்தன்று.

வில்லனை விரும்பும் மனம்

'தொடர்களில் கெட்டவன் கெட்டவனாகத்தானே காட்டப்படுகிறான்? அதைப் பார்த்தால் தீமையின் மீது வெறுப்புத்தானே வரும்?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அனுபவம் வேறு விதமாகப் பேசுகிறது.

1971ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடர் தொடங்கியது. அதில் ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரம் பிற இனத்தாரையும் பிற மதத்தாரையும் இழிவாகப் பேசும். அந்தப் பேச்சின் மடமையைக் காட்டிச் சிரிக்க வைப்பதே தயாரித்தவர்களின் நோக்கம். ஆனால் 1974இல் விட்மார், ரோகீச் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஏற்கனவே இனவெறுப்புக் கொண்டிருந்தவர்கள் ஆர்ச்சியைத் தம்மவராகவே கருதி இரசித்தார்கள். கிண்டல் அவர்களைத் தொடவே இல்லை.

நம் நாட்டில் 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரிலும் இதுவே நடந்தது. எல்லாக் கொடுமைகளையும் வாய் திறவாமல் சகித்துக்கொள்ளும் பாக்வந்தி என்ற தாயை, பெண்கள் இவ்வாறு ஒடுங்கிக் கிடக்கலாகாது என்று உணர்த்துவதற்காகவே அமைத்திருந்தார்கள். ஆனால் எவரெட் ரோஜர்ஸ், அரவிந்த் சிங்கால் ஆகியோர் ஆராய்ந்தபோது, பார்வையாளர்களில் பலர் அவளையே பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கொண்டிருந்தது தெரியவந்தது.

அண்மைக் காலத்திலும் இதைக் கண்டோம். 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் வீட்டுப் பெண்களை அடிமைகளாக நடத்தும் ஆதி குணசேகரன் என்ற பாத்திரம் வந்தது. 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். அந்த ஆணவத்தை எதிர்த்துப் பெண்கள் நிமிர்வதே கதை. ஆனால் ஊரெங்கும் பரவியது எது? அந்த ஆணவக்காரனின் பேச்சுத்தான். அப்பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமாகும்வரை, இளைஞர்கள் செல்பேசியில் அந்தப் பேச்சையே வேடிக்கையாகப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மனைவியை அதட்டும் ஒரு சொல், வீட்டுக்கு வீடு நகைச்சுவையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொடர்களைப் பெண்களின் பலவீனம் என்று ஏளனம் செய்யும் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வசனத்தை அதிகம் பேசியவர்கள் யார்?

திரையில் ஒளியும் நிழலும்தான் இருக்கின்றன. அதில் எதைப் பார்க்கிறோம் என்பதை நம்முடைய கல்பு முடிவு செய்கிறது. கல்பில் ஆணவம் இருந்தால் ஆணவக்காரன் கதாநாயகனாகிறான். கல்பில் சந்தேகம் இருந்தால் சந்தேகம் ஞானமாகிறது.

அழகிய வரலாறு சொல்லும் அழகிய மனவியல்

இஸ்லாம் கதைக்கு எதிரானதன்று. மனித மனத்தின் ஆசைகளையும் பொறாமைகளையும் காட்டுவதும் இஸ்லாத்துக்குப் புதிதன்று. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சரித்திரங்களில் மிக அழகியது என்று அல்லாஹ்வே குறிப்பிடுகிறான். அதில் என்ன இல்லை? சகோதரர்களின் பொறாமை இருக்கிறது. பொய்க் கண்ணீர் இருக்கிறது. பொய்ச் சான்று இருக்கிறது. மாற்றான் மீது கொண்ட இச்சை இருக்கிறது. பழி சுமத்தல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உள்நோக்கமும் சொல்லப்படுகிறது. தந்தை தங்களைவிட யூஸுஃபையும் அவருடைய தம்பியையும் அதிகம் நேசிக்கிறார் என்ற எண்ணமே சகோதரர்களின் குற்றத்துக்கு வேர் என்று 8ஆவது வசனம் காட்டுகிறது. அதாவது, வெறுப்பின் அடியில் கிடப்பது, தந்தையின் அன்பு தமக்கு வேண்டும் என்ற ஏக்கம். மனத்தை ஆராய்வதில் இதைவிட நுட்பம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த வரலாற்றில் உள்ளங்களைத் திறந்து காட்டுபவன் உள்ளங்களைப் படைத்தவன். அதனால் அது அறிவு. தொடரில் திறந்து காட்டுபவர் வசனம் எழுதுபவர். அதனால் அது கற்பனை. இது முதல் வேறுபாடு.

இரண்டாவது வேறுபாடு, பாதிக்கப்பட்டவரின் நடத்தையில் இருக்கிறது. எகிப்தின் அதிகாரத்தில் அமர்ந்திருந்த யூஸுஃப் (அலை) அவர்களின் முன்னால் நின்றுகொண்டு, அவர் யாரென அறியாமலேயே, இவனுடைய சகோதரனும் முன்பு திருடியவன்தான் என்ற கருத்தில் சகோதரர்கள் பேசினார்கள். கையில் முழு அதிகாரம், எதிரில் பழைய எதிரிகள், புதிய அவதூறு. ஒரு தொடரில் இந்தக் கட்டம் ஒரு மாதம் ஓடும். யூஸுஃப் (அலை) அவர்களோ அதனைத் தம் உள்ளத்திலேயே மறைத்துக்கொண்டார்கள் என்று 77ஆவது வசனம் கூறுகிறது.

இறுதியில், அனைவரும் ஒன்றுகூடிய நாளில், தமக்கு அல்லாஹ் செய்த பேருதவிகளை அவர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். 100ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். சிறையிலிருந்து தம்மை வெளியேற்றியதைக் குறிப்பிடுகிறார்கள். கிணற்றைக் குறிப்பிடவில்லை. சிறைக்கு முன்பே நேர்ந்தது கிணறு. அதில் தள்ளியவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். அவர்கள் வெட்கப்படலாகாது என்பதற்காகவே கிணற்றைப் பேசாமல் விட்டார்கள் என்று தஃப்ஸீர் மேதைகள் விளக்குவார்கள். அதுமட்டுமா? தமக்கும் சகோதரர்களுக்கும் இடையே பிளவை உண்டாக்கியவன் ஷைத்தான் என்கிறார்கள். சகோதரர்களின் கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. அநீதிக்கு ஆளானவர், அநீதி இழைத்தவர்களின் உள்நோக்கத்துக்கே கண்ணியமான விளக்கம் தருகிறார்!

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் தன்னை முதலில் அழைக்கவில்லை என்பதை இன்றும் சொல்லிக்காட்டும் நாம் எங்கே? அந்த நபி எங்கே?

வரலாற்றுத் தொடர்களும் விதிவிலக்கல்ல

'நாங்கள் குடும்பத் தொடர் பார்ப்பதில்லை. இஸ்லாமிய வரலாற்றுத் தொடர்தான் பார்க்கிறோம்' என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். 2014 முதல் 2019 வரை துருக்கியில் ஒளிபரப்பான எர்துக்ருல் தொடர் பல மொழிகளில் பரவியது. 2020 ரமளானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி அதனை உர்தூவில் ஒளிபரப்பத் தொடங்கியது. நம் பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். வீரமும் தொழுகையும் துஆவும் அதில் காட்டப்படுவதை மறுக்கவில்லை. ஆனால் உஸ்மானியப் பேரரசின் தோற்றத்துக்கு முந்திய எர்துக்ருலைப் பற்றி வரலாற்றில் உறுதியாகத் தெரிந்தவை மிகச் சொற்பம். நூற்றுக்கணக்கான பகுதிகளில் வரும் துரோகங்களும் அவற்றின் உள்நோக்கங்களும் பெரும்பாலும் எழுதியவர்களின் கற்பனை. அதிலும் ஒவ்வொரு கூடாரத்துக்குள்ளும் ஒரு துரோகி ஒளிந்திருக்கிறான். அதைப் பார்த்துப் பழகியவர், தம் மஹல்லாவில் மாற்றுக் கருத்துச் சொல்பவரையெல்லாம் நயவஞ்சகர் என்று ஐயுறத் தொடங்கினால் என்னாவது?

நயவஞ்சகர்களின் பெயர்களை நபி (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் மட்டுமே இரகசியமாகத் தெரிவித்திருந்தார்கள். அவர் அதனை வெளியிடவில்லை. உமர் (ரலி) அவர்கள் ஹுதைஃபாவிடம் சென்று கேட்டது என்ன தெரியுமா? அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்பதுதான். சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்றவர் தம் உள்ளத்தைத்தான் சந்தேகித்தார், பிறர் உள்ளத்தையன்று.

உள்நோக்கத்தை ஆராயும் ஆற்றலை அல்லாஹ் நமக்குத் தந்திருப்பது இதற்காகவே. நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸாக ஓதுகிறோம். அது பிறர் நிய்யத்தை எடைபோடச் சொல்லவில்லை. நம் நிய்யத்தைச் சீர்படுத்தச் சொல்கிறது. தன்னைத்தானே பழித்துக்கொள்ளும் நஃப்ஸின் மீது, கியாமா அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் சத்தியமிடுகிறான். நமக்குக் கேட்க அனுமதியுள்ள ஒரே 'மைண்ட் வாய்ஸ்' நம்முடையதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தை வீட்டில் மீட்டெடுங்கள். தொடர்கள் வரிசையாக வரும் நேரம் அதுவே. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு யூஸுஃப் அத்தியாயத்தை நாளைக்குப் பத்து வசனங்கள் பொருளோடு வாசித்தால், பன்னிரண்டு நாட்களுக்குள் முடிந்துவிடும். கதை கேட்கும் ஆசையும் நிறைவேறும், கல்பும் பண்படும்.

இரண்டாவது: தொடரை ஒரே நாளில் விட்டுவிட முடியாத வீடுகள் இருக்கின்றன என்பதை அறிவேன். முதியவர்களுக்கு அது ஒன்றே துணையாக இருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவர்கள் அருகில் அமருங்கள். "இந்தப் பெண் ஏன் நேரில் கேட்கவில்லை? நம் வீடாக இருந்தால் என்ன செய்திருப்போம்?" என்று பேச்சைத் தொடங்குங்கள். அவர்களுக்குத் தொடர் தரும் துணையைவிட உங்கள் துணை இனிக்கும்.

மூன்றாவது: உறவினர் மீது ஒரு தீய எண்ணம் தோன்றினால் மூன்று நல்ல காரணங்களை எண்ணிப் பாருங்கள். உடல் நலமில்லையோ? பணக் கஷ்டமோ? நமக்குத் தெரியாத கவலையோ? அதன் பிறகும் உறுத்தினால், பிறரிடம் சொல்லாமல் அவரிடமே மென்மையாகக் கேளுங்கள்.

நான்காவது: யாரேனும் உங்களிடம் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பிய நாட்களில், ஊரார் பேசுவதைக் கேட்டீர்களா என்று அவருடைய மனைவி கேட்டார். அது பொய் என்றார் அபூ அய்யூப் (ரலி). பிறகு மனைவியிடம், நீ அத்தகைய செயலைச் செய்வாயா என்று கேட்டார். ஒருக்காலும் செய்ய மாட்டேன் என்றார் மனைவி. அப்படியானால் ஆயிஷா உன்னைவிட மேலானவர் அல்லவா என்று பேச்சை முடித்துவிட்டார். இதனை இப்னு இஸ்ஹாக் தமது வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டின் கூடத்தில், கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நடந்த நான்கு வரிப் பேச்சு! மதீனாவையே உலுக்கிய வதந்தி அந்த வாசற்படியில் இறந்துபோனது. அவதூறைக் கேட்டவுடன் முஃமின்கள் தம்மவரைப் பற்றி நல்லதையே எண்ணியிருக்க வேண்டாமா என்று நூர் அத்தியாயத்தின் 12ஆவது வசனம் பின்னர் கேட்டது. அந்த வசனம் கேட்டதைத்தான் இந்த வீட்டார் செய்திருந்தார்கள்.

அருமைச் சகோதரர்களே, தாய்மார்களே! இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது, நீங்கள் நெடுநாளாகப் பேசாதிருக்கும் ஓர் உறவினரை நினைத்துப் பாருங்கள். அவர் மனத்தில் இருப்பதாக நீங்கள் எழுதி வைத்திருக்கும் வசனத்தை அழித்துவிடுங்கள். அது அவர் பேசியதன்று, நீங்கள் எழுதியது. இன்று அஸருக்கு முன் அவருக்கு ஸலாம் சொல்லி ஓர் அழைப்புச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களைப் பொறாமையை விட்டும் கெட்ட எண்ணத்தை விட்டும் தூய்மைப்படுத்துவாயாக! பிறர் குறைகளைத் தேடுவதிலிருந்து எங்களைத் திருப்பி, எங்கள் குறைகளை எங்களுக்குக் காட்டுவாயாக! மாமியாரையும் மருமகளையும், கணவனையும் மனைவியையும், அண்ணனையும் தம்பியையும் பிரியத்தால் இணைப்பாயாக! தூர தேசங்களில் உழைத்துக் களைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக! யூஸுஃப் நபிக்கும் அவர்களின் சகோதரர்களுக்கும் இடையே நீ ஏற்படுத்திய சமாதானத்தை எங்கள் குடும்பங்களிலும் ஏற்படுத்துவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.